கடல்காற்று இறங்கும் வரை

மேல்காற்றுதான். வேட்டி நுனி கடல் பக்கம் பறக்கிறது. நல்லது. இப்படியே இருக்கட்டும். ஆடி மாதம் இந்த ஊரில் காலையில் மேற்கிலிருந்துதான் அடிக்கும், வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் கடலிலிருந்து திரும்பும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு எதிரே ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பி வேலி, வேலிக்குள்ளே ஆயுதப்படை மைதானம், மைதானத்தின் கோடியில் நாய்ப் பிரிவுக் கொட்டகை. எனக்குப் பின்னால் சவுக்கு, சவுக்குக்குப் பின்னால் கடல். பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என் வாடை கடலுக்குப் போகிறது, மீன் மோந்துகொள்ளட்டும். கொட்டகையில் இருக்கிற என் நாய் புளோராவுக்குப் போகாது. போகக்கூடாது. நாயை ஒப்படைத்தவன் திரும்பக் காம்பவுண்டுக்குள் வரக்கூடாது என்பது விதி. யார் எழுதின விதி என்று தெரியாது, ஆனால் சரியான விதி. நானே ராஜகோபால் அண்ணனை கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் ரிட்டயர் ஆனதும் அவருடைய சீசர் எனக்கு வந்தது. பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து நின்றார். பாத்துட்டுப் போயிடுறேன் தனுஷ்கோடி, தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடுறேன். வேணாண்ணே, போங்க. சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அவர் பிஸ்கட்டைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டுப் போனார். நான் பிஸ்கட் கொண்டுவரவில்லை. உள்ளே விடச் சொல்லிக் கேட்கவும் இல்லை. பஸ் ஸ்டாப் பொது இடம். எவனும் உட்காரலாம்.

டி.எஸ்.பி. இன்னும் வரவில்லை. தஞ்சாவூரிலிருந்து வரவேண்டும். வெயில் வருமுன் வந்துவிடுவார் என்று இளஞ்சேரன் போனில் சொன்னான். இளஞ்சேரன்தான் இப்போது புளோராவின் ஹேண்ட்லர். நல்ல பையன். மீசை சரியாக வளரவில்லை. ஐயா, வச்ச சோத்த மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்குதுங்கய்யா, ராத்திரியெல்லாம் கேட்டப் பாத்துக்கிட்டே இருக்குதுங்கய்யா, வேலைக்குக் கூட்டிட்டுப் போனா வருது, ஆனா பந்து போட்டா எடுக்க மாட்டேங்குது. அப்புறம், டி.எஸ்.பி. வந்து பாக்குறாராம், என்கூட வேலை செய்யலேன்னா படையிலேருந்தே கழிச்சிடுவாங்களாம், கழிச்சா நீங்க எழுதிக் கொடுத்தீங்கன்னா உங்களுக்கே கொடுத்துடுவாங்கன்னு எஸ்.ஐ. சொன்னாரு. அதை ஏன் சொன்னான். சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஒழுங்காகத் தூங்கியிருப்பேன். லைன்ல இருக்கீங்களாய்யா என்றான். இருக்கேன்டா என்றேன். ஏதாவது சொல்லிக் கொடுங்கய்யா. சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். அவ ஆளக் கண்டுபிடிச்சதும் நீ என்ன பண்ற. பந்து போடுறேன்யா, குட்னு சொல்றேன். குட்டுன்னா அவளுக்கு என்னடா தெரியும், குதிக்கணும்டா, கிறுக்கன் மாதிரி குதிக்கணும், கீச்சுக் குரல்ல கொஞ்சணும், உங்கம்மா உன்னக் கொஞ்சினாளே அப்படி. சிரித்தான். யூனிபார்ம்லயாய்யா, எல்லாரும் பாக்கையிலயா. வெக்கமா இருந்தா குமாஸ்தா வேலைக்குப் போ என்று சொல்லி வைத்துவிட்டேன். திரும்பினால் வாசற்படியில் அம்சவல்லி நிற்கிறாள். என் பெண்டாட்டி. முறத்தோடு நிற்கிறாள். எங்கிட்ட ஒரு நாளு கொஞ்சினதில்ல, ஊருக்குப் பாடம் எடுக்குறாரு. போடி வேலையைப் பாரு. நாயி வந்துச்சுன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிடுவேன், சொல்லிப்புட்டேன். போ. போகமாட்டாள். மறுநாள் பின்கட்டில் விறகெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி இடம் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாள். அகலமான அலுமினியக் கிண்ணம் ஒன்று புதிதாகக் கவிழ்ந்திருந்தது. என்ன இது என்றேன். இட்லி மாவுக்கு என்றாள். இட்லி மாவுக்கு அந்த வாய் அகலம் எதற்கு. இன்று காலை நான் சட்டையை மாட்டும்போது அவள் எங்கே என்று கேட்கவில்லை. எப்போதும் கேட்பவள்.

என்னாண்ணே, வேளாங்கண்ணி பஸ்ஸும் போயிடுச்சு நாகூரு பஸ்ஸும் போயிடுச்சு, நீ எந்தப் பஸ்ஸுக்குத்தான் குந்தியிருக்க. மீன்காரம்மா. காலிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். வெற்றிலை மெல்லுகிறாள். அடுத்த பஸ்ஸுக்கு என்றேன். அது எங்க போவும். போற எடத்துக்குப் போவும். ஆத்தாடி, வாயத் தொறந்தா முத்துதான் என்று சிரித்துத் துப்பினாள். நல்ல வாடை அந்தக் கூடை. மீன் நாற்றத்தின் பக்கத்தில் உட்கார்ந்தால் நாய்க்கு ஆள் தெரியாது என்று நினைப்பவன் நாயைப் பற்றித் தெரியாதவன். குழம்பில் நமக்குக் குழம்பு வாடைதான் வரும், நாய்க்கு மிளகாய் தனி, புளி தனி, கிளறின கை தனி. புளோராவுக்கு மீன் தனி, வெற்றிலை தனி, நான் தனி. அதனால்தான் பனியன். ஒப்படைக்கும்போது எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது, வார், சீப்பு, தட்டு, பந்து. கடைசியில் போட்டிருந்த பனியன். வியர்வையோடு கழற்றிக் கொடுக்க வேண்டும், துவைக்கக் கூடாது. புது ஆளும் அவன் பனியனைக் கொடுப்பான். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு அவள் படுக்கிற இடத்தில் போட்டுவிடுவது. அவள் என் வாடையில் மூக்கை வைத்துத் தூங்கத் தூங்க அவன் வாடையும் உள்ளே போகும். பிறகு ஒரு நாள் என் பனியனை அவிழ்த்து எடுத்துவிடுவார்கள். எடுத்து எரித்துவிடுவார்கள். என்னுடையதை எஸ்.ஐ. மதியழகனே எரித்தாராம். எரிஞ்ச இடத்துல போயிப் படுத்துக்கிச்சுங்கய்யா என்றான் இளஞ்சேரன். அதையும் ஏன் சொன்னான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு எதைச் சொல்வது எதை விடுவது என்று ஒன்றும் கிடையாது. சாம்பலில் படுத்தால் தோல் வியாதி வரும், கழுவி விட்டியாடா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது. அவளுக்கு நான் செத்துப்போனவன். சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்கு அறுபது ஆகிவிட்டது, அரசாங்கம் போகச் சொல்லிவிட்டது, பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன் என்று எந்த பாஷையில் சொல்வது. மனுஷன் செத்தால் நாய்க்குத் தெரியும். பென்ஷன் வாங்கப் போனால் தெரியாது.

வெயில் ஏறிவிட்டது. சவுக்கு நிழல் பெஞ்சை விட்டு நகர்ந்து போய்விட்டது. இன்னும் ஜீப் வரவில்லை. கம்பி வேலிக்குள்ளே சிமெண்டுக் குழாய்கள் கிடக்கின்றன, சாக்கடைக்கு வாங்கி மிஞ்சினவை, ஆள் படுக்கிற அகலம். அதற்குள் ஒரு கான்ஸ்டபிளை ஒளித்து வைப்பார்கள், அவள் தேடிப் பிடிக்கவேண்டும். உயிருள்ள ஆள் என்றால் குரைப்பாள். உயிரில்லை என்றால் சத்தம் போடாமல் முன்னங்காலை மடித்துப் படுத்துவிடுவாள். அவ்வளவுதான் அவளுடைய பாஷை. இரண்டே வார்த்தை. எனக்கும் அதற்கு மேல் என்னத்துக்கு. முதல் முதலில் அந்தக் குழாய்க்குள் ஒளிந்தது நான். அவள் அப்போது குட்டி. காது பெரிதாக, கால் பெரிதாக, உடம்பு நடுவில் எங்கேயோ. குழாய் வாயில் அந்த முகம் வந்து எட்டிப் பார்த்து, என்னைப் பார்த்ததும் குரைப்பதா மூத்திரம் போவதா என்று தெரியாமல் இரண்டும் செய்தது. நான் குழாய்க்குள்ளேயே கிடந்து கத்தினேன், என் கண்ணே, என் ராசாத்தி, பலே பலே. எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுவரை எனக்கே தெரியாது. வெளியே நின்றவன்கள் சிரித்தான்கள். சிரிக்கட்டும். பிற்பாடு ஒரு நெல் கிடங்கு இடிந்தபோது எவனும் சிரிக்கவில்லை. மழையில் சுவர் சாய்ந்து மூட்டை தூக்குகிறவர்கள் உள்ளே. எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியவில்லை. அவளை அவிழ்த்து விட்டேன். ஏறினாள், இறங்கினாள், மோந்தாள். படுத்தாள். தோண்டினோம். நகர்ந்து போனாள். படுத்தாள். மறுபடியும் படுத்தாள். ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்தாள், தப்பு அவளுடையது மாதிரி. வால் கீழே போய்விட்டது. பின்னங்காலுக்கு நடுவில். தண்ணீர் வைத்தால் குடிக்கவில்லை. வெளியே பெண்கள் அழுகிற சத்தம். ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ஐயா அந்த நாய இந்தப் பக்கம் விடாதீங்க, அது படுக்காம இருந்தா எங்க வூட்டுக்காரரு இருக்காருன்னு நெனச்சுக்குவேன் என்றாள். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

ஜீப். வந்துவிட்டது. வந்த நேரத்தைப் பார். சூரியன் உச்சிக்கு வரப்போகிறது. அதிகாரி சொன்ன நேரத்துக்கு வருவார் என்று நம்பி இடம் பிடித்தேனே, முப்பத்தைந்து வருஷம் போலீசில் இருந்துவிட்டு, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். வேட்டி நுனி. இன்னும் கடல் பக்கம்தான். ஆனால் முன் மாதிரி விறைப்பாக இல்லை. அவள் வருகிறாள். கொட்டகையிலிருந்து. அட, இளைத்துவிட்டாளே. விலா தெரிகிறது. ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து எனக்குக் கண்ணாடி இல்லாமல் விலா தெரிகிறது. அவனுடைய இடது முழங்காலை ஒட்டித்தான் நடக்கிறாள், ஒழுங்காகத்தான் நடக்கிறாள், நான் சொல்லிக் கொடுத்தது போகவில்லை. உட்காரச் சொன்னான், உட்கார்ந்தாள். எழுந்திரிக்க வேண்டாமே புளோரா. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடேன். தேடாதே. மோக்காதே. பந்தைத் தொடாதே. சாயங்காலமே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், மதியழகன் எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன், பின்கட்டில் இடம் இருக்கிறது, கிண்ணம் இருக்கிறது, அம்சவல்லி திட்டுவாள், திட்டிக்கொண்டே சோறு பிசைவாள். இதுக்குத்தான் வந்தியாடா தனுஷ்கோடி. அவ ஜெயிக்கிறதப் பாக்க வந்தேன்னு நேற்று ராத்திரி பூராவும் உனக்கு நீயே சொல்லிக்கொண்டாயே. சரி. ஜெயிக்கட்டும். தோற்கட்டும். அவளுக்கு வயசு இன்னும் ஆகவில்லை, வேலை செய்கிற வயசு, வேலை இல்லாமல் பின்கட்டில் படுத்துக்கொண்டு என்ன செய்வாள். நான் என்ன செய்கிறேன். ஈ ஓட்டுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டலாம். அவிழ்த்துவிட்டான்.

ஓடுகிறாள். மூக்கு மேலே, காது பின்னால், வளைந்து வளைந்து. முதல் குழாய், இல்லை. மரப்பெட்டி, இல்லை. வால் வந்துவிட்டது. பார், வால் வந்துவிட்டது! மேலே நிமிர்ந்து நுனி மட்டும் படபடவென்று அடிக்கிறது. அப்படியென்றால் தொலைவில் ஆள் வாடை கிடைத்துவிட்டது, இன்னும் எந்தக் குழாய் என்று தெரியவில்லை. அந்த வாலை எனக்குத் தெரியும். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பந்து எடுக்கவில்லை, எல்லாம் சரி, ஆனால் தேடும்போது அவளுக்குத் துக்கம் கிடையாது. கிடங்கில் மட்டும்தான், மூன்றாம் நாள் அவள் தேடவே மறுத்துவிட்டாள். அப்போது நான் செய்ததை ராஜகோபால் அண்ணன்தான் எனக்குச் சொல்லியிருந்தார், தொடர்ந்து பொணமாவே மோந்துச்சுன்னா நாயி மனசு விட்டுரும் தம்பி, நடுவுல ஒரு உசுர ஒளிச்சு வச்சுக் கொடு. வேறு ஆள் எவனும் அந்த இடிபாட்டுக்குள் படுக்கச் சம்மதிக்கவில்லை. வாரை டிரைவரிடம் கொடுத்துவிட்டு நானே போய்ப் படுத்தேன். மேலே தகரம் இழுத்து மூடினார்கள். ஈர நெல் முளைத்து நாறுகிறது. பக்கத்தில் என்னவெல்லாமோ வாடை. இருட்டு. அவள் வருகிற நகச் சத்தம் கேட்கிறது, நிற்கிறது, போய்விடுகிறது. எனக்குப் பயம் வந்துவிட்டது. என் வாடையை மோந்தும் இவள் படுத்துவிட்டால்? சத்தமில்லாமல் படுத்துவிட்டால்? மூச்சு இருக்கிறதா என்று நானே என் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் மேலே தகரத்தை ஒரு கால் பிராண்டியது. குரைத்தாள். ஐயோ, என்ன குரைப்பு. ஊரையே கூட்டுகிற மாதிரி. எனக்கு உயிர் இருக்கிறது என்று என் வாழ்க்கையில் ஒரே ஒரு ஜீவன்தான் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறது. வெளியே, என் கையைப் பிடித்த அந்தப் பெண் எழுந்து ஓடிவந்தாள், நாய் குரைக்குதே, இருக்காரா, இருக்காரா என்று. தகரத்தைத் தூக்கினார்கள். நான் எழுந்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம். அதை நினைக்க வேண்டாம். எத்தனை தடவை சொல்வது, நினைக்க வேண்டாம்.

அண்ணே, கொண்டல் எறங்குது பாரு, கடல்காத்து வந்திடுச்சு, இனி குளுகுளுன்னு இருக்கும். மீன்காரம்மா முந்தானையை விரித்துக் காற்று வாங்குகிறாள். முந்தானை ரோட்டுப் பக்கம் பறக்கிறது. வேட்டி. என் வேட்டி. காலில் சுற்றிக்கொண்டு மைதானத்துப் பக்கம் அடிக்கிறது. முதுகில் சில்லென்று கடல். போயிற்று. என் கழுத்து வியர்வையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போயிற்று, கம்பிக்குள் நுழைந்திருக்கும், குழாயைத் தாண்டியிருக்கும். நின்றுவிட்டாள். ஓட்டத்தின் நடுவில், ஒரு கால் தூக்கினபடி. மூக்கு திரும்புகிறது. மெதுவாக. இந்தப் பக்கம். இதற்குத்தானே காத்திருந்தாய், உட்கார். அசையாமல் உட்கார். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், காற்று செய்துவிட்டது, யாரும் உன்னைக் குற்றம் சொல்ல முடியாது, வேலியைப் பார்த்து ஓடிவருவாள், குரைப்பாள், குழாய்க்குள் படுத்திருக்கிறவனை விட்டுவிட்டு உன்னைப் பார்த்துக் குரைப்பாள், டி.எஸ்.பி. உதட்டைப் பிதுக்குவார், முடிந்தது, வீட்டுக்கு வந்துவிடுவாள். வருகிறாள். இரண்டு எட்டு. நிற்கிறாள். இளஞ்சேரன் கூப்பிடுகிறான், கேட்கவில்லை. ஏன் நிற்கிறாள். வா. நான்தான். வால். வாலைப் பார். இவ்வளவு நேரம் மேலே அடித்துக்கொண்டிருந்த வால் இறங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, பின்னங்காலுக்கு நடுவில். கிடங்கு வால் அது. நெல் மூட்டைக்கு நடுவில் பார்த்த வால். புளோரா. என்னை மோந்தா அந்த வால். செத்தவர்களின் வாடை அவளுக்குச் செய்ததை இப்போது என் வாடை செய்கிறது. குரைப்பாளா. முன்னங்காலை மடிப்பாளா. எதுவாக இருந்தாலும் நான் பார்க்கக்கூடாது. பார்த்தால் தாங்காது. அவளும் தாங்கமாட்டாள். குரைத்தால் அவளுக்கு யார் ஓடிவந்து பலே சொல்வது? வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் கையாட்டவா? கண்டுபிடித்த நாயைக் கொஞ்சாமல் விடுவது மாதிரிப் பாவம் எங்கள் வேலையில் வேறு கிடையாது.

பஸ். ஏதோ ஒரு பஸ். கையைக் காட்டினேன், நடுரோட்டிலேயே போய் நின்று காட்டினேன். யோவ் பெருசு, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா என்று டிரைவர் கத்தினான். அண்ணே, எந்த ஊரு பஸ்ஸுன்னு பாத்து ஏறு என்று மீன்காரம்மா பின்னால் கத்தினாள். ஏறிவிட்டேன். போ. ரைட் சொல்லுய்யா, போகச் சொல்லு. கம்பியைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். திரும்பக்கூடாது. கண்டக்டர் வந்தான். சின்ன வயசு, காதில் பேனா. எங்க பெரியவரே. நாகூர். இது வேளாங்கண்ணி போறது. அப்ப வேளாங்கண்ணி. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். உடம்புக்கு முடியலியா, உக்காருங்க. நிக்கிறேன். சும்மா இரு. சத்தம் போடாத. நான் என்ன சத்தம் போட்டேன் என்றான். பேசாம இருய்யா கொஞ்ச நேரம். பஸ் வேலியை ஒட்டியே போகிறது. இஞ்சின் சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்கிற சத்தம். யாரோ ஒரு குழந்தை சிணுங்குகிறது. அதற்கெல்லாம் அடியில், தூரத்தில், இளஞ்சேரனின் குரல், கூச்சத்தோடு, புளோரா, கண்ணு, வாடா கண்ணு. இன்னும் சத்தமாடா. இன்னும் கீச்சென்று. காற்று என்னைத் துடைத்துக்கொண்டு போயிருக்கும், இந்நேரம் போயிருக்கும். மெல்லிசாகிவிட்டேனா. திரும்பியிருப்பாளா. வால் எப்படி இருக்கிறது. திரும்பக்கூடாது. வளைவு வந்துவிட்டது, வளைவு தாண்டினால் ஒன்றும் கேட்காது, டிரைவர் கியரை மாற்றுகிறான், ஒரு நொடி இஞ்சின் மூச்சை அடக்கியது.

குரைத்தாள்.

வேலி ஓரத்திலிருந்து இல்லை. உள்ளேயிருந்து. குழாய்க்குள்ளே வாயை வைத்துக் குரைக்கிற சத்தம், பானைக்குள் கத்துகிற மாதிரி, நிறுத்தாமல். அதன் மேலே அந்தப் பையன், மீசை வளராத பையன், அத்தனை யூனிபார்முக்கு முன்னால், கிறுக்குப் பிடித்த மாதிரி கீச்சுக் குரலில், என் தங்கமே, என் ராசாத்தி, பலே பலே பலே. பஸ்ஸில் இரண்டு பேர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். குரைப்பு நின்றது. பந்தைக் கவ்வினால்தான் அவள் நிறுத்துவாள். வளைவு திரும்பிவிட்டது. அம்சவல்லியிடம் சொல்ல வேண்டும், அந்தக் கிண்ணத்தில் மாவே கரைத்துக்கொள் என்று.

ஆள் உசுரோட இருக்கான் என்றேன்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே நிமிர்ந்தான். யாரு பெரியவரே.

எவனோ. குழாய்க்குள்ள இருக்கிறவன்.